பின்னால் ஒரு வீடு வருவது காருக்குத் தெரியாதா?

கேரவன் என்றதும் நம் ஊரில் சினிமா நட்சத்திரங்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் ஏசி வேன்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் கேரவன் என்றால் வேறு. அதற்கு இன்ஜின் கிடையாது. படுக்கை, கேஸ் அடுப்பு, ஒரு சின்னக் கழிவறை எல்லாம் அடங்கிய ஒரு வெள்ளைப் பெட்டி. அதைக் காரின் பின்னால் இருக்கும் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். கோடை விடுமுறை வந்தால் நெடுஞ்சாலை முழுவதும் இந்த வெள்ளைப் பெட்டிகள்தான்.

ஆன்சைட் வேலையாக ஒன்றரை வருடம் பர்மிங்ஹாமில் இருந்தேன். எங்கள் டீமில் மூத்தவர் ஒருவர், அறுபதை நெருங்குகிறவர். இருபது வருடமாகக் கேரவன் வைத்திருக்கிறார். டீசல் காரை விற்றுவிட்டு 77 யூனிட் பேட்டரி உள்ள எலக்ட்ரிக் கார் வாங்கியிருந்தார். (ஒரு யூனிட் என்பது நம் வீட்டு மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான்.) புதுக் காரில் முதல் முறையாகக் கேரவனை மாட்டி எக்ஸிடர் பக்கம் போகிறோம், நீயும் வா என்று கூப்பிட்டார். போனேன்.

கிளம்பும்போது காரின் திரை 240 மைல் போகலாம் என்றது. நாங்கள் போக வேண்டியது சுமார் 160 மைல். வழியில் சார்ஜ் செய்யவே தேவையில்லை என்று அவர் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். எம்5 நெடுஞ்சாலையில் ஏறி இருபது மைல் போவதற்குள் திரையில் 150. இன்னும் கொஞ்ச தூரத்தில் 110. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்களைப் போன்றவர்கள்தானே இதற்கெல்லாம் புரோகிராம் எழுதுகிறீர்கள்?" என்றார். நான் எழுதுவது காப்பீட்டு நிறுவனத்துக்கான சாப்ட்வேர். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைக் குத்தியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் காருக்கு இழுக்கும் சக்தி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மோட்டார், நின்ற நிலையிலிருந்தே முழு விசையையும் கொடுக்கும். மேட்டில் நின்று கிளம்ப இதைவிட நல்ல வண்டி கிடையாது. பேட்டரியின் எடை காரணமாகக் கேரவன் ஆடினாலும் கார் அசையாமல் நிற்கும். இறக்கத்தில் வண்டி தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். பழைய நிஸான் லீஃப், ரெனோ ஸோயி போன்றவற்றுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது என்பது உண்மை. ஆனால் ஹூண்டாய் அயானிக் 5 காரின் பெரிய பேட்டரி மாடல் 1600 கிலோ இழுக்கலாம். கியா இவி9, பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் ஆகியவை 2500 கிலோ வரை போகும். ஐரோப்பாவில் இந்த அனுமதி சும்மா கிடைப்பதில்லை. 12 சதவீத ஏற்றத்தில், முழு எடையோடு, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்பிக் காட்ட வேண்டும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? காற்றில். கேரவனின் முகப்பு ஒரு சுவர் மாதிரி. கார்க்காரர்கள் என்னதான் வளைவு நெளிவாக வடிவமைத்தாலும், பின்னால் ஒரு பீரோவைக் கட்டி இழுத்தால் அத்தனையும் வீண். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பிரிட்டன் நெடுஞ்சாலையில் கேரவனோடு போக உச்ச வேகம் மணிக்கு 60 மைல். 50-ல் போவதற்குப் பதில் 60-ல் போனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் அதிகம். 55-ல் போகும்போது 15 மைல் வேகத்தில் எதிர்க்காற்று வந்தால் அதுவே 62 சதவீதம் கூடிவிடும். இதனால்தான் கேரவனை மாட்டினால் ரேஞ்ச் ஏறக்குறைய பாதியாகிறது.

டீசல் காரிலும் இதே காற்றுதான். ஆனால் யாரும் கவலைப்பட்டதில்லை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 60 லிட்டர் டேங்க் என்றால் 600 யூனிட். இன்ஜின் அதில் மூன்றில் இரண்டு பங்கை வெப்பமாக வீணாக்கினாலும் 200 யூனிட் சக்கரத்துக்குப் போகும். எங்கள் காரில் மொத்தமே 77. டீசல்காரர் பாதி தூரத்தில் தீர்ந்தால் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நாங்கள் அப்படிக் கிளம்ப முடியவில்லை. வழியில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தினோம். சார்ஜர் இருந்த இடம் சாதாரணக் கார் பார்க்கிங் மாதிரி, மூக்கை நுழைத்து நிறுத்துவதற்கானது. காரும் கேரவனும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 12 மீட்டர். அப்படியே நிறுத்தினால் பின்னால் பாதையே அடைபட்டுவிடும். எனவே, கேரவன்களுக்கான தனி இடத்துக்குப் போய், அங்கே முன்சக்கரத்தை இறக்கி, கேரவனின் கைப்பிரேக்கைப் போட்டு, மின் பிளக்கையும் பாதுகாப்புக் கம்பியையும் கழற்றி, கொக்கியை விடுவித்து, காரை மட்டும் ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றோம். நல்ல மழை. அவர் மனைவி கேரவனுக்குக் காவலாக உள்ளேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும் சூடாகத் தேநீர் கொடுத்தார். அது ஒன்றுதான் அன்றைய ஆறுதல். சார்ஜ் ஏறிய நேரத்தைவிடக் கழற்றவும் மாட்டவும் வரிசையில் நிற்கவும் ஆன நேரம் அதிகம். தனியாக வருகிற ஒரு பெரியவர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்?

இதற்குப் பெரிய பேட்டரிதான் தீர்வு என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஃபோர்டு 2022-ல் எஃப்-150 லைட்னிங் என்ற பிரம்மாண்டமான எலக்ட்ரிக் டிரக்கைக் கொண்டுவந்தது. அதன் பெரிய பேட்டரியோடுகூட, கேம்பர் ஒன்றை இழுத்துச் சோதித்த அமெரிக்கப் பத்திரிகைகளுக்குச் சுமார் 100 மைல்தான் கிடைத்தது. 2025 டிசம்பரில் அதன் தயாரிப்பை நிறுத்துவதாகவும், அடுத்த தலைமுறையில் பேட்டரியோடு ஒரு ஜெனரேட்டரும் இருக்கும் என்றும் அந்த நிறுவனம் அறிவித்தது. கேரவனுக்கே பேட்டரியும் மோட்டாரும் வைக்கும் யோசனையும் உண்டு. ஜெர்மனியின் டெத்லெஃப்ஸ் நிறுவனம் 2021-ல் 80 யூனிட் பேட்டரி கொண்ட சோதனைக் கேரவனை ஓர் ஆடி இ-ட்ரான் காருடன் சேர்த்து, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி 386 கிலோமீட்டரை ஒரே சார்ஜில் கடந்து காட்டியது. அருமையான சாதனைதான். ஆனால் ஓய்வூதியத்தை நம்பி இருப்பவர் அதை எந்தக் காலத்தில் வாங்குவது?

என் ஆத்திரம் வேறு இடத்தில். கேரவனின் 13 பின் பிளக்கைச் சொருகியதுமே காரின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஏதோ மாட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. எங்கள் கார் உடனே பின்பக்கப் பார்க்கிங் சென்சாரை அணைத்தது. இல்லாவிட்டால் ரிவர்ஸ் போகும்போது கத்திக்கொண்டே இருக்குமே! ஆக, தகவல் உள்ளே வந்துவிட்டது. அதை ரேஞ்ச் கணக்கிடும் பகுதிக்குக் கொண்டுபோக மட்டும் யாரும் மெனக்கெடவில்லை. அது நேற்று வரை காலியாக ஓடிய கணக்கை வைத்துக்கொண்டு 240 என்று சொல்லிவிட்டது. விடுமுறை முடிந்து கேரவனைக் கழற்றி வீட்டில் நிறுத்திய பிறகு, வெறும் காருக்கு ஒரு வாரம் 130 என்று காட்டியது இன்னும் வேடிக்கை. எலக்ட்ரிக் கார் ஓட்டுபவர்கள் இந்த எண்ணுக்கு 'கெஸ்ஸோமீட்டர்' என்று கேலிப் பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.

சரியாகக் கணிப்பது அவ்வளவு கஷ்டமா? மோட்டார் எவ்வளவு விசை கொடுக்கிறது, வண்டி எவ்வளவு வேகமெடுக்கிறது என்ற இரண்டும் ஒவ்வொரு நொடியும் காருக்குத் தெரியும். விசையை முடுக்கத்தால் வகுத்தால் எடை. பிளஸ் டூ இயற்பியல்தான். சமதளத்தில் சீராகப் போகும்போது ஆகும் மின்சாரத்தை வைத்துக் காற்றின் எதிர்ப்பையும் கண்டுபிடித்துவிடலாம். நான்கைந்து மைல் போனால் போதும். அதுகூட வேண்டாம், பிளக்கைச் சொருகியதும் 'உங்கள் கேரவனின் உயரம், அகலம், எடை என்ன?' என்று திரையில் ஒரு முறை கேட்டுச் சேமித்துக்கொள்ளலாமே. அமெரிக்காவில் ஃபோர்டு, ரிவியன் டிரக்குகளில் இழுவைக்கென்று இப்படித் தனிக் கணக்கு இருக்கிறது. குடும்பக் காரில் ஏன் கூடாது? சாப்ட்வேர் அப்டேட் என்ற பெயரில் புதுப்புது விளையாட்டுகளை அனுப்புகிறவர்களால் முடியாததா இது?

அடுத்தது சார்ஜர்களின் வரைபடம். எத்தனை கிலோவாட், என்ன விலை, பக்கத்தில் காபி கிடைக்குமா என்றெல்லாம் ஆப் சொல்கிறது. கேரவனைக் கழற்றாமல் உள்ளே போக முடியுமா என்று தேடினால் எங்கள் ஆப்பில் பதில் இல்லை. டேட்டாபேஸில் ஒரே ஒரு காலம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் நிலையங்களும் இருக்கத்தான் செய்கின்றன. நெதர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் கட்டுகிறது. அப்படிப்பட்ட இடம் ஐந்து மைல் தள்ளி இருந்தாலும் கேரவன்காரர் சந்தோஷமாகப் போவார். இருக்கிறதா என்று தெரிந்தால்தானே போக முடியும்?

போய்ச் சேர்ந்த இடத்திலும் நிம்மதி இல்லை. கேம்ப் தளங்களில் கேரவனுக்குக் கொடுக்கும் மின் இணைப்பு 10 அல்லது 16 ஆம்பியர். 10 ஆம்பியரில் பன்னிரண்டு மணி நேரம் போட்டால் காருக்கு 27 யூனிட் ஏறும். அடுத்த நாள் சுற்றிப்பார்க்கத் தாராளமாகப் போதும். ஆனால் அந்த இணைப்பில் காரைச் சார்ஜ் செய்யக்கூடாது என்று எங்கள் தளத்தில் பலகை வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே இரவில் போட்டால் அவர்களுடைய ஒயரிங் தாங்காது. அது நியாயமான பயம்தான்.

பிரிட்டனில் 2030-க்குப் பிறகு பெட்ரோல், டீசலில் மட்டும் ஓடும் புதுக் கார்களை விற்க முடியாது. பழைய கார்களை ஓட்டத் தடையில்லை. அதனால் கேரவன்காரர்கள் பலரும் பழைய டீசலையே இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் மூத்தவரும் டீசலுக்கே திரும்பிவிடலாமா, இல்லை கேரவனை விற்றுவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி இரண்டாவதற்குச் சம்மதிக்கவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எக்செல்லில் ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தேன். வேகம், எதிர்க்காற்று, ஏற்றம், முந்தைய பயணத்தில் ஆன யூனிட் ஆகியவற்றைக் கொடுத்தால் அடுத்த சார்ஜரில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று சொல்லும். ஒரு மணி நேர வேலை. செப்டம்பரில் மறுபடி அதே சாலையில் போனோம். இந்த முறை 52 மைல் வேகத்தைத் தாண்டவில்லை. முதல் நிறுத்தத்தில் 18 சதவீதம் மிஞ்சும் என்றது ஷீட். போய்ச் சேர்ந்தபோது 16 இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது காரின் திரை அன்றைக்கும் 240 என்றுதான் காட்டியது.