உங்கள் மகளிடம் யார் பேசுகிறார்கள்?

பெங்களூருத் தமிழ்ப் பெற்றோர்களே, உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

கோணனகுண்டே என்றால் இன்று நமக்கு மெட்ரோ ஸ்டேஷன், மால், ஏறிக்கொண்டே போகும் ஃப்ளாட் விலை. 1991 ஆகஸ்ட் 20 விடியற்காலையில் அங்கே ஒரு வீட்டுக்குள் கமாண்டோக்கள் புகுந்தபோது ஏழு பேர் செத்துக் கிடந்தார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தேடப்பட்ட சிவராசன், சுபா, அவர்களோடு ஒளிந்திருந்த ஐந்து பேர். 2006இல் ‘சயனைடு’ என்று கன்னடத்தில் படமாகவும் வந்த கதை. இந்தப் பேச்சை எடுத்தால் நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: “அவங்க போர்ல இருந்து வந்தவங்க. நம்ம வீட்டுப் பொண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தம் இருக்கிறது. அந்த வழக்கில் முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்ட நளினி எந்தப் போரையும் பார்த்தவர் அல்ல. சென்னைப் பெண். அம்மா நர்ஸ், அப்பா போலீஸ்காரர். பட்டப்படிப்பு முடித்து, அடையாறில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர். நம் அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் தினமும் பார்க்கிற பெண்களில் ஒருத்தி மாதிரிதான் இருந்திருப்பார்.

அவர் அந்த வலைக்குள் போன விதத்தைக் கவனியுங்கள். புத்தகம் படித்துக் கொள்கையில் மூழ்கிப் போனவர் அல்ல. புலிகள் இயக்கத்தின் பேபி சுப்பிரமணியம் நடத்திய அச்சகம் நளினியின் சகோதரர் கைக்கு வந்தது. இயக்கத்துக்காரர்களின் போக்குவரத்தும் கூடவே வந்தது. 1991 தொடக்கத்தில் இயக்கத்தைச் சேர்ந்த முருகன் வந்து நளினியின் அம்மா வீட்டில் தங்கினார். பழக்கம் காதலானது. பிறகு சிவராசன் வந்தார். சுபாவும், பிறகு மனித வெடிகுண்டான தணுவும் வந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் சென்னை நந்தனத்தில் நடந்த வி.பி.சிங் கூட்டத்துக்கு எல்லோரும் போனார்கள். அதுதான் ஒத்திகை. மே 21 அன்று, காஞ்சிபுரம் போக வேண்டும் என்று ஆபீஸில் சாக்குச் சொல்லிவிட்டு நளினி அரைநாள் லீவு எடுத்தார். அன்று இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை.

எல்லாம் சில மாதங்களுக்குள். முதலில் ஓர் ஆள், அப்புறம் பாசம், அப்புறம் சின்னச் சின்ன உதவிகள், அப்புறம் ஒரு சின்னப் பொய். கொலை கடைசியில்தான் வந்தது. திட்டம் தனக்கு முன்பே தெரியாது என்று நளினி சொல்லிவந்தார். சுப்ரீம் கோர்ட் அவரைக் குற்றவாளி என்றே முடிவு செய்து, 1999இல் மரண தண்டனையை உறுதி செய்தது. மூன்று நீதிபதிகளில் கே.டி.தாமஸ் மட்டும் நளினிக்கு ஆயுள் தண்டனை போதும் என்றார். அந்தப் பெண் சதியின் மூளை அல்ல, பாசத்தால் இழுக்கப்பட்டுச் சொன்னதைச் செய்தவர் என்பது அவருடைய பார்வை.

இது ஈழத்துக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. 1968இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கடைகளுக்குத் தீ வைத்தவர்களில் ஒருவரான குட்ருன் என்ஸ்லின், ஜெர்மனியில் ஒரு பாதிரியாரின் மகள். ஸ்காலர்ஷிப்பில் படித்த கெட்டிக்காரி. கொடிகள் வேறு வேறு. நல்ல குடும்பம், நல்ல படிப்பு என்பது மட்டும் எங்கேயும் வேலி ஆகவில்லை.

நளினியின் வீட்டாரைக் குறை சொல்வது என் வேலை அல்ல. நான் கேட்பது நம்மை. மகளிடம் நாம் என்ன பேசுகிறோம்? சிஇடி ரேங்க் என்ன, கேம்பஸ் இன்டர்வியூ எப்போ, பிஜியில சாப்பாடு எப்படி, ஜாதகம் எடுக்கலாமா. சாப்பிடும்போது அவள் மணிப்பூர் பற்றியோ காஸா பற்றியோ வாய் திறந்தால், “அதெல்லாம் உனக்கெதுக்கு, வேலையைப் பாரு” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இரண்டு முறை அப்படிச் சொன்னால் மூன்றாம் முறை அவள் பேசமாட்டாள். நாமும் பொண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போவோம். அவளோ பேச்சை நிறுத்தவில்லை. கேட்கிற ஆளை மாற்றிக்கொண்டாள். அந்த ஆள் யாரென்று உங்களுக்குத் தெரியுமா?

இன்னொரு பக்கம், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர்களும் நாம்தான். 2021 பிப்ரவரியில் நம் ஊர்ப் பெண், காலநிலைச் செயற்பாட்டாளர் திஷா ரவியை, விவசாயிகள் போராட்டத்துக்கான ‘டூல்கிட்’ ஆவண விவகாரத்தில் டெல்லி போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. வயது 22. பத்து நாளில் டெல்லி கோர்ட் ஜாமீன் கொடுத்தது. கையில் இருந்த ஆதாரம் போதாது என்றது. “பாத்தியா, இதுக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருன்னு சொன்னேன்” என்று அந்த வாரம் எத்தனை வீட்டில் மகளைத் திட்டினோம்! அது தப்பான பாடம். காலநிலைக்காக வெளிப்படையாக, தன் பெயரில், நாலு பேர் பார்க்கக் குரல் கொடுக்கிற பெண்ணும், சாக்குச் சொல்லி லீவு எடுத்து எங்கே போகிறோம் என்று மறைக்கிற பெண்ணும் ஒன்றல்ல. முதலாமவளை அடக்கினால் அவளும் மறைக்கக் கற்றுக்கொள்வாள்.

பார்க்க வேண்டியவை வேறு. பழைய சிநேகிதிகள் ஒவ்வொருவராக விலகுகிறார்களா? எல்லாக் கேள்விக்கும் ஒரே ஆளுடைய பதில்தான் வருகிறதா? எதிர்த்தரப்பில் இருப்பவர்களை மனிதர்களாகவே மதிக்காமல் பேசுகிறாளா? அவர் சொன்னார், இவரைக் கொண்டு விடணும், இந்தப் பையைக் கொடுக்கணும் என்று காரணம் புரியாத உதவிகள் கூடுகின்றனவா?

அப்படித் தெரிந்தால் போனைப் பிடுங்காதீர்கள். அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்காதீர்கள். இரண்டுமே, வீட்டில் உன்னைப் புரிந்துகொள்ள ஆளில்லை என்று அந்த ஆள் சொன்னதை நிரூபித்துவிடும். அவள் படிப்பதை நீங்களும் படியுங்கள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தால் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இருக்கும். பிறகு வாதாடுங்கள். உன் வழியில் போனால் அடிபடப் போவது யார் என்று கேளுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கவிதை சொல்ல வந்த ஒரு சிறுமியும் அவளுடைய அம்மாவும் அதில் அடக்கம் என்று சொல்லுங்கள். நளினி பிடிபட்டது 1991 ஜூனில். மரண தண்டனை பின்னர் குறைக்கப்பட்டு, விடுதலையானது 2022 நவம்பரில். இடையில் அவர் பெற்ற மகள் பிறந்ததே சிறையில்தான் என்பதையும் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லாதீர்கள். கோச்சிங் சென்டர் வாசலில் மணிக்கணக்கில் காரில் காத்திருந்தவர்கள் நாம். மகள் அரசியல் பேசினால் பயப்படாதீர்கள். உங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டால்தான் பயப்பட வேண்டும். இன்று ராத்திரி சாப்பாட்டில் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “உனக்கு எதுமேல கோபம்?” அவள் சொல்லி முடிக்கும்வரை தயவுசெய்து குறுக்கே பேசாதீர்கள்.