மண்டியிட மறுத்த மன்றாட்டு

யூதர்களுக்காக ஜெபிக்க நாலு கிறிஸ்தவர்கள் ஒரு வீட்டில் கூடுவது நல்ல காரியம்தான். ஆனால் எதற்காக ஜெபிக்கிறோம் என்பதை முதல் நாளே அவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு யூதர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், குரலைத் தாழ்த்தாமல், ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்லக்கூடியதாக அந்த ஜெபம் இருக்க வேண்டும் என்பது என் வாதம். வெறும் நாகரிகத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஒரு ஜெபத்தைச் சரிசெய்யக் கத்தோலிக்கத் திருச்சபை பட்ட பாடு அப்படி.

பழைய பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் திருச்சபைக்காக, போப்பாண்டவருக்காக, நோயாளிகளுக்காக, பயணம் போனவர்களுக்காக என்று மன்றாட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் மண்டியிடச் சொல்லி ஒரு குரல் எழும். கோயில் மொத்தமும் மண்டியிட்டு எழும். யூதர்களுக்கான மன்றாட்டின்போது மட்டும் அந்த அழைப்பு வராது. எல்லாரும் நின்றது நின்றபடியே இருப்பார்கள். யூதர்களுக்கு அதில் கொடுத்திருந்த அடைமொழி 'பெர்ஃபிதிஸ்'. லத்தீனில் அதற்கு 'விசுவாசம் இல்லாதவர்' என்று மட்டுமே பொருள் என்று அறிஞர்கள் சமாதானம் சொன்னார்கள். சாதாரண மக்களின் காதில் அது 'துரோகிகள்' என்றே விழுந்தது. மண்டியிடாததற்குச் சொல்லப்பட்ட காரணம் இன்னும் விசித்திரம். இயேசுவின் முன்னால் யூதர்கள் கேலியாக முழங்காலிட்டார்களாம், அதனால் அவர்களுக்காக நாம் முழங்காலிடக் கூடாதாம். மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தைத் திறந்தால், அப்படிக் கேலி செய்தவர்கள் ரோம ஆளுநரின் படைவீரர்கள் என்று தெளிவாக இருக்கிறது. இத்தனை நூற்றாண்டுகளாக அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க ஆளில்லாமல் போனதா?

இதைக் கேட்டது ஒரு ஜெபக்குழுதான். 1926இல் ரோமில் தொடங்கிய 'இஸ்ரயேலின் நண்பர்கள்' என்ற குருக்கள் அமைப்புக்கு வழிகாட்டியவர், யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரான பிரான்சிஸ்கா வான் லேயர் என்ற டச்சுப் பெண்மணி. யூதர்கள் மனம் மாற வேண்டும் என்றுதான் அவர்களும் ஜெபித்தார்கள். ஆனால் ஜெபிக்க ஜெபிக்கத் தங்கள் வார்த்தைகளே அவர்களை உறுத்தின. அந்த அடைமொழியை எடுத்துவிட்டு, மண்டியிடுதலைச் சேர்க்கும்படி வத்திக்கானுக்கு விண்ணப்பம் போட்டார்கள். கர்தினால்களும் ஆயர்களும் ஆயிரக்கணக்கான குருக்களும் உறுப்பினராக இருந்தும், கர்தினால் மெரி தெல் வால் போன்றவர்களின் எதிர்ப்பால் விண்ணப்பம் தோற்றது. 1928 மார்ச் 25 அன்று அமைப்பையே கலைத்து ஆணை வந்தது. யூத வெறுப்பைக் கண்டிக்கும் வரியும் அதே ஆணையில் இருந்தது என்பது வேடிக்கை. அதன்பின் ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். போப்பாண்டவர் 12ஆம் பயஸ் காலத்தில், 1955இல் வெளியான சீர்திருத்தத்தில்தான் மண்டியிடுதல் வந்தது. 1959இல் போப்பாண்டவர் 23ஆம் ஜான் அந்த அடைமொழியை நீக்கினார். 1970இன் வழிபாட்டு நூலோ, கடவுளின் வார்த்தையை முதலில் கேட்டவர்கள் என்று யூதர்களைக் குறிப்பிட்டு, அவருடைய உடன்படிக்கையில் அவர்கள் நிலைத்திருக்க வேண்டுகிறது.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஈஸ்டருக்கு முந்தைய கடைசி மூன்று நாட்கள் யூதர்கள் வெளியில் தலைகாட்டக் கூடாது என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. கிறிஸ்தவர்களுக்கு மிகப் புனிதமான நாட்கள், அடுத்த தெருக்காரர்களுக்குக் கதவைத் தாழிட்டுக்கொள்ளும் நாட்களாக இருந்தன. கொலைகளுக்கு அந்த ஒரு சொல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வருடம் தவறாமல் பீடத்தின் முன்னால் கேட்ட சொல் மனதில் படியாமல் போகாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் பவுலைக் காட்டிச் சொல்லப்படுவது. இஸ்ரயேலர் மீட்புப் பெற வேண்டும் என்று ரோமர் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில் அவரே மன்றாடுகிறாரே, அதை விட்டுவிட்டால் சுவிசேஷத்தையே விட்டதாகாதா? நியாயமான கேள்வி. ஆனால் பவுல் யூதர். தன் ரத்த உறவுகளுக்காக அழுதவர். அடுத்த அதிகாரத்திலேயே, ஒலிவ மரத்தில் ஒட்டவைக்கப்பட்ட காட்டுக் கிளைகளான நம்மைப் பார்த்து, பெருமையடிக்காதே என்கிறார்; அழைப்பைக் கடவுள் திரும்பப் பெறுவதில்லை என்றும் சொல்லி, முடிவை அவரிடமே விட்டுவிடுகிறார். அந்த அதிகாரத்தின் வழியில்தான் 2015இல் வத்திக்கானும், யூதர்களை மதம் மாற்றுவதற்கென்று அமைப்பு ரீதியான பணி எதையும் தான் நடத்துவதில்லை, ஆதரிப்பதும் இல்லை என்று அறிவித்தது. தங்கள் விசுவாசத்தை அவர்களிடம் தாழ்மையோடு சொல்வதைக் கைவிடும்படி அது யாரையும் கேட்கவில்லை.

யூதர்களுக்கான ஜெபம் இஸ்ரேல் அரசுக்கான கைதட்டலாக மாறிவிடாதா என்பது இன்றைய கேள்வி. 122ஆம் சங்கீதத்தைக் காட்டி எருசலேமுக்காக ஜெபிக்கும் தமிழ்ச் சபைகளிலும் இந்த வழுக்கல் உண்டு. ஒரு ஜனமும் ஒரு நாட்டின் அரசாங்கமும் ஒன்றல்ல. குழு கூடும் அந்த அறையில் யூதருக்குப் போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில், பெத்லகேமிலிருந்து வந்த பாலஸ்தீனக் கிறிஸ்தவர் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போட்டுப் பார்க்கலாம். இருவரில் யார் முகத்தையாவது பார்த்துச் சொல்ல முடியாத வரி இருந்தால், அதை அடித்துவிட்டு மண்டியிடலாம்.