வதக்க வேண்டியவர் யார்?

தமிழில் சமையல் குறிப்புக்கென்றே ஒரு வினை வடிவம் நிலைத்துவிட்டது. நறுக்கவும், வதக்கவும், கொதித்ததும் இறக்கவும். இதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. நீ, நீங்கள்கூட இல்லை. வினைமுற்றிலேயே பால் காட்டும் மொழிக்கு இப்படியொரு பொதுவடிவம் வாய்த்தது நல்ல விஷயம். ஆனாலும் இதழ்களின் வீட்டுக் குறிப்புப் பக்கத்தைப் படிக்கும் எவருக்கும் வதக்குபவர் பெண் என்பதில் ஐயமே எழுவதில்லை. வினை சொல்லாமல் விட்டதை வாக்கியத்தின் மற்ற உறுப்புகள் சொல்லிவிடுகின்றன.

நான்காம் வேற்றுமையைக் கவனியுங்கள். குழந்தைகளுக்கு டிபன் பாக்ஸில் வைக்கலாம், களைத்து வரும் கணவருக்குச் சூடாகப் பரிமாறலாம், மாமியாருக்கும் பிடிக்கும். இந்த 'கு' உருபுகளின் வரிசையில் சமைப்பவருக்கு இடமே இல்லை. அவருக்கு என்ன பிடிக்கும், அவர் எப்போது சாப்பிடுவார் என்பது குறிப்பில் வருவதில்லை. 1951-இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' புதுமணப் பெண்களின் கையில் தலைமுறைகளாகக் கொடுத்தனுப்பப்பட்ட நூல். அளவும் பக்குவமும் தெளிவாகச் சொல்லி, சமையலைக் கற்கத்தக்க அறிவாக அது வைத்தது. அந்த அறிவை மாப்பிள்ளையின் கையில் கொடுக்க நம் குடும்பங்களுக்குத் தோன்றவில்லை.

ஆணுக்கென்று ஒரு சமையல் எழுத்து இல்லாமலும் இல்லை: 'பேச்சிலர் சமையல்'. பேச்சிலர் சாம்பார், பேச்சிலர் ரசம். இங்கே சமைப்பவரே சாப்பிடுபவர். யாரையும் மகிழ்விக்கும் கடமை அவருக்கு இல்லை. குக்கரில் எத்தனை விசில் என்பதுவரை பொறுமையாக விளக்கப்படுகிறது. எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான். கல்யாணம்வரைதான் இந்த வேலை என்று அது நாள் குறித்துக் கொடுக்கிறது. மணமான ஆணுக்கான சமையல் என்றொரு தலைப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் உயர்ந்த சமையலைப் பாராட்ட வேண்டுமென்றால் நளபாகம், பீமபாகம் என்று ஆண்களின் பெயர்களையே தேடிப் போகிறோம். கல்யாணப் பந்திக்குச் சமைப்பவர் மாஸ்டர். நாள்தோறும் மூன்று வேளை சமைப்பவருக்கு அப்படியொரு பட்டம் இல்லை.

'உதவி' என்ற சொல்லும் இப்படித்தான். வீட்டு வேலையில் கணவரும் உதவ வேண்டும் என்று இன்றைய பத்திரிகைகள் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகின்றன. உதவி என்றதுமே அந்த வேலை மனைவியுடையது என்று முடிவாகிவிடுகிறது. தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவது யாருக்குச் செய்யும் உதவி? 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகச் சொன்னது. அந்த வேலைகளில் ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்குச் சுமார் 26 பேர்தான். பெண்களில் 81 பேர்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் பெயரில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசிக்கும் பங்குண்டு என்று தீர்ப்பளித்தது. வரவு செலவைத் திட்டமிடுவது, சமைப்பது, நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்று அவர் செய்யும் வேலைகளை அந்தத் தீர்ப்பு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் பாலினப் பாகுபாட்டுச் சொற்களைத் தவிர்க்க ஒரு கையேடு வெளியிட்டது. பழைய சொல்லுக்குப் புதுச் சொல் தருவது தேவைதான். ஆனால் தமிழில் 'இல்லத்தரசி' என்ற கௌரவமான பெயர் எப்போதோ வந்துவிட்டது. அடுப்படியில் நிற்பவர் மாறவில்லை.

ஆகவே மாற்றம் வாக்கியத்துக்குள் நடக்க வேண்டும். குறிப்பின் தலைப்பில் 'தோழிகளே' என்ற விளி தேவையில்லை. 'உதவுங்கள்' என்பதற்குப் பதில் 'செய்யுங்கள்' என்று எழுதலாம். 'கணவரின் சட்டைக் காலரில் படிந்த அழுக்கு நீங்க' என்று தொடங்கும் குறிப்பில் முதல் சொல்லை எடுத்துவிட்டால், சட்டை போட்டவரும் அதைத் தனக்கான குறிப்பாகப் படிப்பார்.