எஞ்சினுக்கு எண்ணெய் ஏற்ற எந்த டிரில்?

எங்கள் தெருவில் ஒரு 1956 ஷெவர்லே நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா வாங்கியது. பல வருடம் கொட்டகையில் கோழி அடைகாக்கும் இடமாக இருந்தது. இப்போது பேரன் அதை எடுத்து வேலை பார்க்கிறான். எஞ்சினை இறக்கி, சென்னைக்குக் கொண்டுபோய் போரிங், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், புது பிஸ்டன் எல்லாம் முடித்துக் கொண்டுவந்துவிட்டான். என்ன செலவாயிற்று என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். என்னிடம் மட்டும் சொன்னான், எனக்கே தலை சுற்றியது.

போன வாரம் கேட்டான்: "தாத்தா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் பம்பை டிரில் வெச்சு சுத்தணுமாமே. ஆன்லைன்ல சின்ன டிரில் ஒண்ணு சல்லிசா வருது, வாங்கிடவா?"

வேண்டாம் என்றேன். அவன் மெக்கானிக்கோ டிரில்லே வேண்டாம் என்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

இந்த வயதில் நமக்கெல்லாம் அடி பம்பு தெரியும். நாலு நாள் அடிக்காமல் விட்டால் தண்ணீர் இறங்கிவிடும், வெறும் காற்றைத்தான் அடிக்கும். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அடித்தால் பிடித்துக்கொள்ளும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு ஒழுகினால் இதே கதைதான். பிரெஞ்சில் இதற்கு அமோர்சே என்று சொல்வார்கள். தூண்டிலில் மாட்டுகிற இரைக்கும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான். கொஞ்சம் கொடுத்தால்தான் நிறைய வரும் என்று எங்கள் வாத்தியார் விளக்குவார். மீன் பிடிக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை மறக்கவே முடியாது.

புதிதாகக் கோர்த்த எஞ்சினும் வறண்ட அடி பம்புதான். கீழே எண்ணெய்த் தொட்டி நிறைய ஆயில் இருக்கும். ஆனால் பம்பு காலி, ஃபில்டர் காலி, பிளாக்குக்குள் ஓடுகிற துளைகள் எல்லாம் காலி. கிராங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நடுவில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் தாங்க வேண்டும். அந்தப் படலம் வருவதற்குள் எஞ்சின் தீப்பிடித்து ஆயிரம் சுற்று சுற்றினால், பேரிங்கின் மேலே இருக்கும் மெல்லிய மென்உலோகப் பூச்சு இழுபட்டுவிடும். அதற்குச் சில நொடிகள் போதும். சத்தம் கேட்கும்போது வேலை முடிந்திருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கோப்பில் பார்த்தேன். எண்பதுகளில் நான் இருந்த பிரிவுக்கு அரசு வாகனங்களின் பழுதுச் செலவுக் கோப்புகள் வரும். ஒரு ஜீப், எஞ்சின் முழுதாகப் பிரித்துக் கட்டி, பட்டறையிலிருந்து வந்த மறுநாளே பாதி வழியில் பிடித்துக்கொண்டது. ஆயில் அளவு சரியாகவே இருந்தது என்று ஆய்வு அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். ஆயில் இருந்தும் பேரிங் எப்படிக் கருகும் என்று யாரும் கேட்கவில்லை. "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று முடிவு கட்டி, அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்க உத்தரவானது. பட்டறையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்முன் எண்ணெய் ஏற்றினார்களா, விளக்கம் கேட்கலாம் என்று நான் குறிப்பு எழுதி வைத்தேன். "கண்டேன்" என்று பச்சை மையில் ஒரு கையெழுத்து வந்தது, அவ்வளவுதான். அந்த ஓட்டுநருக்குப் பெண் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருடம் அது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு.

டிரில்லுக்கு வருகிறேன். அதற்கும் முன்னால், உங்கள் எஞ்சினில் டிரில் போட வழி இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ பார்த்துவிட்டு மாருதிக்கு டிரில் வாங்கப் போகிற பையன்களும் உண்டு. மாருதி 800இல் ஆயில் பம்பு கிராங்கின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் சுற்றாமல் அது சுற்றாது. பழைய பெட்ரோல் ஜீப்பில் பம்பின் பல்சக்கரம் நேராக கேம் ஷாஃப்டோடு கோர்த்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினாலும் பம்பு விடுபடாது. நம் அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினிலும் பம்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் தனித்தனி தண்டு. இவற்றுக்கெல்லாம் ஆயில் கேஜ் குழாய் மாட்டுகிற துளை வழியாக வெளியிலிருந்து அழுத்தத்தோடு எண்ணெய் செலுத்துவதுதான் முறை.

ஷெவர்லே ஆறு சிலிண்டர் வேறு மாதிரி. அதில் கேம் ஷாஃப்டோடு கோர்க்கும் பல்சக்கரம் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிறது. அதன் அடிமுனை கீழே ஆயில் பம்பின் தண்டில் உள்ள வெட்டுக்குள் உட்கார்ந்து பம்பைச் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டால் பம்பு தனி. நீளமான பட்டை ஸ்க்ரூடிரைவரின் தண்டை டிரில்லில் மாட்டி அந்த வெட்டில் இறக்கிச் சுற்றலாம். எஞ்சின் அசையாமலே எண்ணெய் ஏறும். பையனின் கார் 1956 என்பதால் இது பொருந்தும். 1954இலிருந்து வந்த கார்களின் 235 கன அங்குல எஞ்சினில்தான் எல்லா பேரிங்குக்கும் அழுத்தத்தோடு எண்ணெய் போகிறது. அதற்கு முந்தைய 216இல் கனெக்டிங் ராடு, கரண்டி மாதிரி எண்ணெயை அள்ளித் தெளித்துக்கொள்ளும்.

என் கருத்து இதுதான்: வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள், சுற்றைப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் முதலில் காட்டுவது 10 மி.மீ. சின்ன டிரில். நிமிடத்துக்கு 2,500க்கு மேல் சுற்றும். சுவரில் துளை போட அருமையான சாமான். ஆனால் கேம் ஷாஃப்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் கிராங்கின் பாதி வேகத்தில் ஓடுபவை. டிரில் 500 சுற்று சுற்றினால் எஞ்சின் 1,000இல் ஓடும்போது பம்பு என்ன வேகத்தில் ஓடுமோ அந்த வேகம். நமக்கு வேண்டியது அவ்வளவே. 2,500இல் சுற்றினால் எஞ்சின் 5,000இல் பறப்பதற்குச் சமம். நீளத் தண்டு சாட்டை மாதிரி ஆடும், வெட்டின் விளிம்பைச் சுரண்டும், இரும்புத் தூள் புது எஞ்சினுக்குள்ளேயே விழும்.

"விசையை லேசாக அழுத்தினால் மெதுவாகச் சுற்றுமே தாத்தா?" என்றான் பையன். சுற்றும். பிரச்சினையே அங்கேதான். இந்த மெஷின்களில் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி மோட்டார் தண்டிலேயே இருக்கிறது. விசையால் வேகத்தைக் குறைத்தால் விசிறியும் மெதுவாகிவிடும். கெட்டி எண்ணெய் பிடித்துக்கொண்டதும் சுமை கூடும், காற்று இருக்காது, இரண்டு நிமிடத்தில் வார்னிஷ் கருகுகிற வாடை வரும். பல்சக்கரத்தால் வேகத்தைக் குறைத்த டிரில்லில் மோட்டார் முழு வேகத்தில் ஓடும், சக் மட்டும் மெதுவாக, பலமாகச் சுற்றும். 13 மி.மீ. சக், பக்கவாட்டில் கைப்பிடி, தகட்டில் 550 அல்லது 600 சுற்று என்று போட்டிருக்கும். நம் ஆட்கள் அரை இஞ்சு டிரில் என்பார்கள். கனமாக இருக்கும், விலையும் கூடுதல். இரண்டு கியர் உள்ளதில் முதல் கியரில் இந்த அளவு வேகம் கிடைத்தால் அதுவும் சரியே.

பக்கவாட்டுக் கைப்பிடி அலங்காரத்துக்கு இல்லை. எண்ணெய் துளைகளை நிரப்பும்வரை டிரில் சும்மா சுற்றும். நிரம்பிய நொடியில் இழுக்கும். ஒரு கையால் பிடித்திருந்தால் மணிக்கட்டை முறுக்கிவிடும். என் வயதுக்காரர்கள் பக்கத்தில் நின்று கேஜைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சுவர் இடிக்கிற ஹேமர் வசதி இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். தட்டித் தட்டித் திருகுகிற இம்பாக்ட் வகை கூடவே கூடாது. வலமும் இடமும் சுற்றுகிற விசை அவசியம். ஷெவர்லேயை மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசை, ஃபோர்டு வி8 பலவற்றில் எதிர்த்திசை. மாற்றிச் சுற்றினால் எத்தனை நேரமானாலும் முள் எழாது. பேட்டரி டிரில் நல்லதாக இருந்தால் முடியும், ஆனால் இரண்டு பேட்டரி கையில் வேண்டும். ஒயர் மெஷின் என்றால் பெட்ரோல் பக்கத்தில் திறந்திருக்கக் கூடாது, மோட்டார் கார்பனில் பொறி பறக்கும்.

சொந்தமாக வாங்கித்தான் ஆக வேண்டுமா? ஒரு எஞ்சினுக்கு, ஒரு நாள், பத்து நிமிட வேலை. வாடகைக்கு எடுங்கள், அல்லது இரும்புக் கதவு செய்கிற பட்டறையில் கேளுங்கள். அவர்களிடம் இந்த மெதுவான டிரில் இருக்கும். டைல்ஸ்காரர் சிமென்ட் கலக்குகிற மெஷினும் மெதுவாகச் சுற்றும்தான், ஆனால் பெரும்பாலும் அதில் சக் இருக்காது, மரைதான். மட்டமான டிரில்லைச் சொந்தமாக்கிக்கொள்வதைவிட நல்ல டிரில்லை இரவல் வாங்குவது மேல். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆன்லைன் டப்பா வராத வாரம் கிடையாது.

மெக்கானிக் கட்சியையும் சொல்ல வேண்டும். "பிளக்கைக் கழட்டிட்டு செல்ஃப் அடிச்சா பிரஷர் வந்துரும் சார், முப்பது வருஷமா இப்படித்தான்" என்கிறார். பொய் இல்லை. கோர்க்கும்போது பம்புக்குள் வாசலின் அடைத்து, பேரிங்கில் தாராளமாக எண்ணெய் தடவி, அதே வாரத்தில் ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் தப்பித்துவிடும். வாசலின் சூட்டில் கரைந்து எண்ணெயோடு போய்விடும். அந்த இடத்தில் கிரீஸ் வைக்கக் கூடாது. ஆனால் செல்ஃப் எஞ்சினையே மெதுவாகத்தான் சுற்றுகிறது, பம்புக்கு அதில் பாதி. அந்த நேரம் முழுக்க கேமும் டேப்பெட்டும் உரசிக்கொண்டே இருக்கும், தடவி வைத்ததெல்லாம் வழிந்துபோகும். பையனுடைய எஞ்சின் கோர்த்து மூன்று மாதமாகிறது, தடவிய எண்ணெய் எப்போதோ இறங்கியிருக்கும். அவனுக்கு டிரில்தான் சரி.

கேஜ் முள் எழுந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். மேல் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, எல்லா ராக்கரிலும் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். இடையிடையே டிரில்லை நிறுத்தி, ஒருவர் கிராங்கைக் கையால் கால் சுற்று திருப்ப வேண்டும். எல்லாத் துளைகளும் ஒரே நிலையில் திறந்திருப்பதில்லை.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை முன்பு குறித்து வைத்த அடையாளத்தில் இறக்க வேண்டும். அடியில் உட்காராமல் கொஞ்சம் தூக்கி நின்றால், பம்புத் தண்டின் வெட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைப் போட்டு இறுக்கி அழுத்தக் கூடாது. வெளியே எடுத்து, அதே நீள ஸ்க்ரூடிரைவரால் வெட்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இறக்கினால் கையாலேயே போய் உட்காரும்.