கரகாட்டம் பார்க்க அவரையும் அழைத்துப் போங்கள்!

திருவிழா வந்துவிட்டால் ஊரே கோவில் வாசலில்தான். நாகசுரமும் தவிலும் பம்பையும் ஒன்றோடு ஒன்று போட்டி போடுகின்றன. "கரகாட்டம் ஆரம்பித்துவிட்டது" என்று குழந்தைகள் ஓடுகிறார்கள். பெரியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

சில வீடுகளில் ஒருவர் மட்டும் கிளம்புவதில்லை.

அவர் கால் நடக்க முடியாத பையனாக இருக்கலாம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயல் இழந்த தாத்தாவாக இருக்கலாம். இடுப்பு எலும்பு முறிந்த பாட்டியாக இருக்கலாம். "நீ வீட்டைப் பார்த்துக்கொள். நாங்கள் போய்விட்டுச் சீக்கிரம் வந்துவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் போய்விடுகிறார்கள்.

மேளச் சத்தம் அவர் காதிலும் விழுகிறது. அதுதான் கொடுமை.

யார் மனது கஷ்டப்படும்?

ஏன் அழைத்துப் போகவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "ஒருத்தர் குதித்துக் குதித்து ஆடுவதைப் பார்த்தால் அவன் மனது கஷ்டப்படும் அல்லவா?" என்பார்கள்.

நல்ல எண்ணம்தான். ஆனால் அவனைக் கேட்டார்களா? கேட்கவில்லை. கஷ்டப்படுவது பல சமயங்களில் அவன் மனது அல்ல. நாலு பேர் பார்ப்பார்களே என்று கூசுகிற வீட்டாரின் மனதுதான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கரகாட்டக்காரர் தலையில் கரகத்தோடு பின்னால் வளைகிறார். தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுக்கிறார். ஏணியில் ஏறி இறங்குகிறார். உருளைக் கட்டையின் மேல் பலகையைப் போட்டு, அதன் மேல் நின்று ஆடுகிறார். சுற்றி நிற்கிற ஐநூறு பேரில் எத்தனை பேர் இதைச் செய்ய முடியும்? ஒருவரும் முடியாது! செய்ய முடியாததால்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோம்.

அந்த விஷயத்தில் இரண்டு கால் உள்ளவரும் ஒன்றுதான், சக்கர நாற்காலியில் இருப்பவரும் ஒன்றுதான். பாட வராதவர் கச்சேரிக்குப் போகக்கூடாது என்று யாராவது சொல்கிறோமா?

அவர் கண்ணுக்கு அதிகம் தெரியும்

இன்னும் சொல்லப்போனால், ஊன்றுகோலோடு நடப்பவர் நம்மைவிட நன்றாக ரசிக்கக்கூடியவர்.

கோவில் சடங்கில் எடுப்பது சக்திக் கரகம். பொழுதுபோக்குக்கு ஆடுவது ஆட்டக் கரகம். ஆட்டக் கரகச் செம்புக்குள் மூன்று நான்கு கிலோ அரிசியோ மண்ணோ போட்டிருப்பார்கள். அதற்கு மேல் பூவும் கண்ணாடியும் வைத்து ஜோடித்த கூடு. கூட்டின் உச்சியில் ஒரு கிளி பொம்மை. இத்தனையையும் தலையில் வைத்துக்கொண்டு, கையால் தொடாமல் ஆட வேண்டும்.

நாம் காலைப் பார்க்கிறோம், உடையைப் பார்க்கிறோம். கழுத்தைப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆட்டக்காரரின் கழுத்துக்குக் கீழே எல்லாம் ஆடுகிறது. கழுத்துக்கு மேலே அசைவே இல்லை. அதிர்வு முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்கிறது, இடுப்பு வாங்கிக்கொள்கிறது. கரகம் ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், அது சாய்வது நமக்குத் தெரிவதற்கு முன்பே ஆட்டக்காரர் அந்தப் பக்கம் தன் உடம்பை நகர்த்திவிடுகிறார்.

ஊன்றுகோலை ஊன்றி, பாரத்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றி, ஒவ்வோர் அடியையும் கணக்குப் போட்டு வைப்பவருக்கு இது சொல்லாமலே புரியும். ஈரத் தரையில் ஊன்றுகோல் ஒரு விரற்கடை வழுக்கினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நமக்கு வேடிக்கையாகத் தெரிவது, அவருக்கு வித்தையாகத் தெரிகிறது.

அப்படிப்பட்ட ரசிகரைத்தான் நாம் வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு வருகிறோம்.

கிளிகூடத் தெரிவதில்லை

சரி, தைரியமாக அழைத்து வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன நடக்கிறது?

முதலில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் சூடு பிடித்ததும் முன்வரிசை எழுந்து நிற்கும். பிறகு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். இப்போது செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பவர்கள் வேறு!

பின்னால் நிற்பவருக்குத் தலைகளுக்கு மேலே கிளியாவது தெரிகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டம், நிற்பவரின் மார்பு அளவுதான். அவருக்குக் கிளிகூடத் தெரிவதில்லை. சட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சில ஊர்களில் நல்ல மனது படைத்த இளைஞர்கள் அவரைக் கேட்காமலே நாற்காலியோடு அலாக்காகத் தூக்கி விடுகிறார்கள். தூக்கப்படுகிறவருக்கு எங்கே வலிக்கும், எங்கே பிடிக்கக்கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூக்கினால் என்ன?

இன்னொன்றும் நடக்கிறது. வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆட்டம் பார்க்க வந்தவரின் மடியில் சில்லறை போட்டுவிட்டுப் போகிறார்கள்! அவர் பிச்சை கேட்டு வரவில்லை. நம்மைப் போலக் கரகாட்டம் பார்க்க வந்திருக்கிறார்.

ஆட வேண்டும் என்று கட்டாயமா?

நடிகை சுதா சந்திரன் கதை பலருக்குத் தெரியும். 1981-ம் ஆண்டு விபத்தில் வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு, 1984-ம் ஆண்டு மீண்டும் நடன மேடை ஏறினார். அவர் வாழ்க்கையை வைத்து எடுத்த 'மயூரி' என்ற தெலுங்குப் படத்தில் அவரே நடித்தார். வியக்கத்தக்க பெண்மணி. சந்தேகமே இல்லை.

ஆனால் கால் ஊனமான குழந்தையைக் கண்டதும், "அந்த அம்மா ஆடவில்லையா? நீயும் முயற்சி செய்" என்று புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுகிறோம். இது நமக்குச் சரியாகப் படவில்லை. ஆட ஆசைப்படுகிறவன் ஆடட்டும். மற்றவர்கள் ஆடுவதைச் சும்மா பார்த்துச் சிரித்துவிட்டு வர ஆசைப்படுகிறவனை விட்டுவிடுங்கள். ஊரில் மற்றவர்கள் எல்லோரும் சாதனை செய்துவிட்டா வேடிக்கை பார்க்க வருகிறார்கள்?

சட்டம் இருக்கிறது

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல். இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டது என்று 2014-ம் ஆண்டு சான்று கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே அந்த நோயால் கால் சூம்பியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இனிமேல் முதுமையில் முட்டி தேய்ந்து உட்காரப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் நாமும் உண்டு.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ம் ஆண்டு நிறைவேறியது. மற்றவர்களைப் போலவே அவர்களும் கலை நிகழ்ச்சிகளிலும் பொழுதுபோக்கிலும் பங்கு பெற அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் வழி செய்ய வேண்டும் என்று அதன் 29-வது பிரிவு சொல்கிறது. சட்டம் டெல்லியில் இருக்கிறது. ஆட்டம் நம் ஊர் மந்தையில் நடக்கிறது. நடுவில் இருப்பது விழாக் கமிட்டி.

கமிட்டிக்காரர்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஆட்டக்களத்தின் ஒரு பக்கம், முன்வரிசையில், பத்தடிக்குக் கயிறு கட்டினால் போதும். அதற்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது என்று மைக்கில் சொல்லுங்கள். அந்த இடத்துக்குப் போகும் வழியில் மைக் செட்டு ஒயரும் மணலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படி இருந்தால் ஒரு சாய்வுப் பலகை போடுங்கள். கண் தெரியாதவர் வந்தால், நடப்பதைச் சொல்லிக்கொண்டிருக்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

கழிப்பிடம்தான் பெரிய பிரச்சினை. ஆட்டம் நடுநிசி வரை போகும். போக இடம் இல்லை என்பதற்காகவே, மாலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் இருக்கிறார்கள். அதற்குப் பயந்தே வராமல் இருப்பவர்கள் இன்னும் அதிகம். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால், அதன் கழிப்பறைச் சாவியை அன்று இரவு ஒருவர் பொறுப்பில் கேட்டு வாங்கி வைக்கலாம். சக்கர நாற்காலி நுழையும் வாசல்தானா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

ஆட்டக் குழுவுக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே இதையெல்லாம் பேசி முடித்துவிடலாம். எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கமிட்டிக்குச் சொல்ல வேண்டியது வீட்டாரின் வேலை. அதற்கு முன்னால், "கரகாட்டம் பார்க்க வருகிறாயா?" என்று அவரைக் கேட்க வேண்டும்.