குளவிக் கொட்டுக்கு ஏட்டில் இடமில்லையா?

கண்டியை அடுத்த ஹேவாஹெட்டை, கலஹா, புசல்லாவை மலைகளிலே கொழுந்து பறிக்கும் பெண்களிடம், நீங்கள் மிக அஞ்சுவது எதற்கென்று கேட்டுப் பாருங்கள். அட்டைக்கு அன்று, வழுக்கும் சரிவுக்கும் அன்று, குளவிக்கு என்பார்கள். கூடு கலைந்து குளவிகள் எழுந்தால், முதுகிலே கூடையுடன் சரிவில் நிற்பவள் எங்ஙனம் ஓடுவாள்? மலையகத்தில் இதனால் மாண்டோரும் உளர்.

1992 ஆம் ஆண்டு முதல் இத்தோட்டங்களை நடத்திவரும் கம்பெனிகள் பங்குதாரருக்கு ஆண்டறிக்கை வெளியிடுகின்றன. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். (படங்களிலே சிரிப்பவர்களும் இப்பெண்களே!) அவ்வறிக்கையில் விபத்துக்கென ஒரே ஓர் எண் நின்றால், அது தொழிற்சாலைக்குள் நிகழ்ந்ததா, மலையில் நிகழ்ந்ததா என எவர் அறிவார்?

சட்டத்தைப் பார்ப்போம். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, விபத்தினால் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க இயலாது போனாலோ, பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்திலே அறிவித்தல் வேண்டும். ஆனால், அச்சட்டம் தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்றழைக்கும் தொழிற்சாலையோடு நின்றுவிடுகிறது. இயந்திரத்திலே விரல் நசுங்கினால் அரசாங்கம் அறியும்; மலையிலே நூறு கொட்டு வாங்கியவள் ஒரு கிழமை படுத்திருந்தாலும் அச்சட்டத்தின் கண்ணுக்குத் தென்படாள்.

1934 ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம் அவளுக்கும் உண்டே என்பர். உண்டுதான். ஆயின், தோட்டத்து ஏட்டிலே ‘சுகயீனம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், வேலையின்போது நேர்ந்த காயமென்று எதைக் கொண்டு நிரூபிப்பது? வழக்காடுவோர் இவ்விடரை நன்கறிவர்.

உலகளாவிய அறிக்கையிடல் முன்முயற்சி என்னும் அமைப்பு 2018 இல் வெளியிட்ட 403 ஆம் நியமம், சம்பளப் பதிவில் உள்ளோரை மட்டுமன்றி, எவருடைய வேலையோ வேலைத்தலமோ இரண்டுமோ கம்பெனியின் கட்டுப்பாட்டில் இருப்பின் அவரையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. இது நமக்கு மிக முக்கியம். கொழுந்தை நிறுத்து விலை கொடுக்கும் முறைக்கு மாற்றித் தொழிலாளியைப் பதிவிலிருந்து நீக்கினால், விபத்தின் எண் குறையும், கொட்டு குறையாது.

தோட்டந்தோறும், மலைக்கும் ஸ்டோருக்கும் தனித்தனியே, விபத்தும் இழந்த வேலை நாட்களும் வெளியிடப்படல் வேண்டும். அக்கணக்கைத் தமிழிலே எழுதிப் பெரட்டுக் களத்திலும் ஒட்டவேண்டும். கம்பெனிப் பங்கு வைத்திருக்கும் வைத்தியரும் வழக்கறிஞரும் நம் வாசகரிடையே உளர். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே எழுந்து இதனைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. இவ்வாண்டே கேட்பார்களாக.