கராஜில் முடியாத பாதி வேலை

காருக்குப் புது பிரேக் பேட் போட்டுக்கொண்டு வருகிற கொழும்புக்காரர் அநேகர் பாதி வேலைக்கு முழுக் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். மிச்சப் பாதி காலி வீதியில், 100ஆம் இலக்க பஸ் முதுகில் முட்டுகிற மாதிரி வரும்போது நடக்கிறது.

போன மாதம் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு கராஜில் என் அக்வாவுக்கு முன் பேட் மாற்றினேன். பேட்டைப் பஞ்சிகாவத்தையில் நானே பார்த்து வாங்கிக்கொண்டு போயிருந்தேன். சாவியைத் தந்த பையன், "ரெண்டு நாளைக்கு பிரேக் கொஞ்சம் பிடிக்காத மாதிரி இருக்கும் அன்ரி, பிறகு சரியாயிரும்" என்றான். அந்த இரண்டு நாளும் நான் எங்கே ஓட்டுவதாம்? ஆமர் வீதிச் சந்தியிலா?

அவன் சொன்னது பொய்யில்லை. பழைய டிஸ்க்கில் வரி விழுந்திருக்கும். புதுப் பேட் முதலில் மேடான இடங்களில் மட்டும்தான் உரசும். நிதானமான சூட்டில் தேய்ந்து தேய்ந்து, பேட்டின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பும் வரும். எடுத்த எடுப்பில் அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கினால் பேட்டில் உள்ள பிசின் கருகி, முகம் பளபளவென்று இறுகி வழுக்கத் தொடங்கும். கொதிக்கிற டிஸ்க்கோடு கலர் லைட்டில் பெடலை மிதித்தபடி நின்றால் அந்த ஓரிடத்தில் மட்டும் படலம் தடித்துவிடும். பிறகு பிரேக் பிடிக்கிற நேரமெல்லாம் பெடல் காலுக்குள் துடிக்கும்.

யூடியூப் பார்த்துவிட்டு 100 கிலோமீற்றர் வேகத்தில் போய்ப் போய் அடித்து நிறுத்துகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அது பந்தயத் திடல் வித்தை. ஊருக்குள் காருக்கு இங்கே சட்டப்படி 50தான். அதிவேகப் பாதையில் 100 போகலாம், ஆனால் காரணமில்லாமல் பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவர் என்ன பாவம் செய்தார்?

கராஜை விட்டு நகருமுன், பெடல் இறுகும்வரை பல தடவை மிதிக்க வேண்டும். பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். முதல் மிதி வெறுமனே அடிவரை போகும். ஒழுங்கைக்குள் நாலு தடவை மெதுவாக நிறுத்திப் பார்த்துவிட்டு, ஞாயிறோ போயாவோ விடியப்புறம் பேஸ்லைன் வீதிக்குப் போகலாம். வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ்தான் கிட்ட. ஆனால் அந்நேரம் அங்கே நடைப்பயிற்சிக்காரர் கூட்டம், வேண்டாம். கண்ணாடியில் பின்னால் ஆளில்லை என்று பார்த்து, 50இலிருந்து 15 வரை ஒரே சீராக மிதித்துக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். கொஞ்சத் தூரம் ஓடிக் காற்றில் ஆறவிட்டு மறுபடி. எட்டுப் பத்துத் தடவை போதும். புதுக் காரை முதல் 300 கிலோமீற்றருக்குச் சடுதியாக நிறுத்தாதீர்கள் என்று டொயோட்டாவின் கையேடே சொல்கிறது. புதுப் பேட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். நம்முடைய ரீகண்டிஷன் காரில் அந்தக் கையேடு ஜப்பான் மொழியில் அல்லவா கிடக்கிறது! (ஆபத்து வந்தால் முழுப் பலத்தோடும் மிதிக்க வேண்டியதுதான், அதில் கணக்குப் பார்க்கக் கூடாது.)

ஹைபிரிட்காரருக்கு இன்னொரு சங்கடம். மெல்ல மிதித்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், பேட்டுக்கு வேலையே இராது. சற்று அழுத்தி மிதித்தால்தான் படலம் படியும். போதாததற்கு வெள்ளவத்தைக் கடற்காற்று. ஓடாமல் சும்மா நிற்கிற வண்டியின் டிஸ்க்கில் விடிவதற்குள் துரு பூத்துவிடும்.

வருடா வருடம் வாகன வருமான வரிப்பத்திரத்துக்காக என் காரின் புகையைச் சோதிக்கிறார்கள். பிரேக்கை ஒருவரும் சோதிப்பதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிற சட்டம் தனியார் காரிடம் அதைக் கேட்பதில்லை. அப்படியிருக்க, பிரேக்கைக் கடைசியாகக் கையால் தொடுகிறவர் கராஜ்காரர்தான். ஒரு சுற்று ஓட்டிப் பேட்டைப் படியவைத்துத் தருவது அவருடைய வேலை. அதற்கும் சேர்த்துக் கூலி கேட்கட்டும், சந்தோஷமாகத் தருவேன். நீங்களும் அடுத்த தடவை, "ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.